தீவுக்காட்டை மீட்டெடுத்தல்
மொரீஷியஸ், ரொட்ரிகஸ் தீவுகளின் செடிகளும் அவற்றைக் காப்போர் பணியும்

பெருநிலத்தில் ஒரு காடு அழிந்தால், அடுத்துள்ள காட்டிலிருந்து பறவையும் காற்றும் விதை கொண்டுவந்து சேர்க்கும். சில ஆண்டுகளில் புதர் மண்டும். ஒரு தலைமுறைக்குள் மரம் நிழல் தரும். கடல் நடுவே தனித்துக் கிடக்கும் தீவுக்கு இவ்வாய்ப்பு இல்லை. தீவுக்கே உரிய செடியினம் ஒன்று அங்கு அற்றுப்போனால், அதனை ஈடுசெய்ய உலகில் வேறிடம் இல்லை. ஆகவே தீவுக்காட்டை மீட்கும் பணி மரம் நடுவிழாப் போன்றதன்று. அஃது எஞ்சிய சில உயிர்களைக் கையில் ஏந்திக்கொண்டு, காலத்தோடு போட்டியிடும் பணியாகும். அப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, அதனை வழிநடத்துவோர் எவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பவற்றை மொரீஷியஸ், ரொட்ரிகஸ் என்னும் இரு தீவுகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கே, மடகாஸ்கருக்குக் கிழக்கில் மொரீஷியஸ் தீவு உள்ளது. பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். அதற்கும் கிழக்கே 560 கிலோமீட்டருக்கு அப்பால், 108 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ரொட்ரிகஸ் கிடக்கிறது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பலர் சென்று குடியேறிய நாடாதலால், மொரீஷியஸ் என்னும் பெயர் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. ஆனால், கரும்பு வருவதற்கு முன் அங்கு என்ன இருந்தது என்பதைப் பலர் அறியார்.

தீவுச் செடிகளின் இயல்பு

எரிமலைக் குழம்பு கடலுக்கு மேல் எழுந்து இறுகியதால் பிறந்தவை இத்தீவுகள். அவை எந்தப் பெருநிலத்தோடும் ஒட்டியிருந்தவை அல்ல. அங்குள்ள ஒவ்வொரு செடியின் மூதாதையும் கடலலையில் மிதந்தோ, பறவையின் வயிற்றிலோ காலிலோ ஒட்டியோ, காற்றில் பறந்தோ வந்து சேர்ந்ததாகும். வந்தவை நெடுங்காலம் தனித்து வாழ்ந்து, புதிய இனங்களாகத் திரிந்தன. மொரீஷியஸில் இயற்கையாக வளரும் பூக்குஞ்செடி இனங்கள் ஏறத்தாழ 690. அவற்றுள் ஏறத்தாழ 270 இனங்கள் அத்தீவையன்றி வேறெங்கும் காணப்படாதவை.

இத்தீவுகளில் ஆடு, மாடு, மான், எலி, குரங்கு ஆகிய எவையும் இருந்ததில்லை. பாலூட்டிகளுள் வௌவால் மட்டுமே பறந்து வந்து சேர்ந்தது. புல்லையும் தழையையும் மேய்ந்தவை பெரிய நிலத்து ஆமைகள். பழத்தைத் தின்று விதையைப் பரப்பியவை ஆமை, வௌவால், புறா, டோடோ முதலியன. ஆகவே செடிகளும் அதற்கேற்பவே தம்மை அமைத்துக்கொண்டன. ரொட்ரிகஸில் பல செடிகள் இளமையில் ஒருவகை இலையும் முதிர்ந்தபின் வேறுவகை இலையும் விடுகின்றன. இளஞ்செடியின் இலை குறுகி நீண்டு, பழுப்பு நிறமாய், உண்ணத் தகாதது போலத் தோன்றும். செடி ஆமையின் வாய்க்கு எட்டாத உயரம் அடைந்ததும் பசிய அகன்ற இலை விடத் தொடங்கும். இஃது ஆமையிடமிருந்து தப்பும் வழி என அறிஞர் கருதுகின்றனர். ஆமைக்கு எதிரான இக்காப்பு ஆட்டுக்கு எதிராகச் சிறிதும் உதவவில்லை என்பதே பின்னர் நேர்ந்த துயரம்.

காடு அழிந்த வரலாறு

டச்சுக்காரர் 1598-இல் மொரீஷியஸில் இறங்கினர், 1638-இல் குடியேறினர். கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தனர். 1639-இல் ஜாவாவிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டனர். பன்றியும் ஆடும் கப்பலில் வந்தன. எலி அழையாமலே வந்தது. டோடோப் பறவையைக் கண்டதாகக் கூறும் நம்பத்தக்க கடைசிக் குறிப்பு 1662-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1710-இல் டச்சுக்காரர் தீவைக் கைவிட்டுச் செல்ல, பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1810-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கரும்பு பெருகப் பெருகக் காடு சுருங்கிற்று. இன்று மொரீஷியஸின் நிலப்பரப்பில் செம்மையான இயற்கைக் காடு எனத் தகுவது நூற்றுக்கு இரண்டு பங்கும் இல்லை.

ரொட்ரிகஸின் கதை இன்னும் கொடியது. 1691-இல் அங்கு இறங்கி இரண்டாண்டுகள் வாழ்ந்த பிரான்சுவா லெகா என்னும் பிரெஞ்சுக்காரர், மரம் அடர்ந்த தீவையும் கூட்டங்கூட்டமாய்த் திரியும் ஆமைகளையும் கண்டு எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வாமைகள் இறைச்சிக்காகப் பல்லாயிரக் கணக்கில் கப்பலேற்றப்பட்டன. நூற்றாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ அற்றுப்போயின. 1874-இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காணச் சென்ற அறிவியற் குழுவோடு ஐசக் பெய்லி பால்பர் என்னும் செடிநூல் அறிஞர் ரொட்ரிகஸுக்கு வந்தார். லெகா கண்ட காட்டை அவர் காணவில்லை. தீயும் மேய்ச்சலும் தின்று எஞ்சிய செடிகளையே அவர் திரட்டிப் பதிவு செய்தார். அந்தப் பதிவே பிற்காலத்து மீட்புப் பணிக்கு ஒரு கைவிளக்காயிற்று.

குருக்கத்தியும் குரங்கும்

கோடரி ஓய்ந்த பிறகும் காடு மீளவில்லை. காரணம், வெளியிலிருந்து வந்த செடிகளும் விலங்குகளும் ஆகும்.

அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று தமிழ்ப் புலவர் போற்றிய குருக்கத்தி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் அதுவும் ஒன்று. மாதவி என்னும் பெயரும் அதற்கு உண்டு. நறுமணம் உடையதாதலால் அழகுக்காகப் பல நாடுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. மூன்று இறகுகளையுடைய அதன் கனி காற்றில் சுழன்று பறந்து, சென்ற இடத்திலெல்லாம் முளைக்கும். மொரீஷியஸின் வறண்ட காடுகளில் அது மரத்தின் உச்சிவரை ஏறி, மேலே போர்வையாய்ப் படர்ந்து, ஒளியை மறைத்து மரத்தைக் கொல்கிறது. உலகின் மிகக் கொடிய நூறு வந்தேறி உயிர்கள் என அறிஞர் வகுத்த பட்டியலில் குருக்கத்தியும் இடம்பெற்றுள்ளது. பிரேசில் நாட்டுச் சிறுகொய்யாவும், இலங்கையிலிருந்து சென்ற ஒருவகைப் புதர்மரமும் அவ்வாறே ஈரக்காடுகளைக் கைப்பற்றின. சிறுகொய்யா குச்சி நட்டாற்போல் நெருங்கி வளர்ந்து, கீழே வேறு நாற்று எழவிடாது.

மலேசிய, சிங்கப்பூர் மக்கள் நன்கறிந்த நீண்டவால் குரங்கும் மொரீஷியஸில் உண்டு. தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலில் சென்ற அது, காட்டு மரங்களின் காய்களைப் பழுக்கும் முன்னரே பறித்துக் கடித்து எறிகிறது. காய் முற்றினாலன்றி விதை முளைக்காது. கொய்யாப் பழத்தையோ அது நன்றாகத் தின்று விதையைப் பரப்புகிறது. எனவே ஒரு விலங்கே நாட்டு மரத்துக்குக் கூற்றாகவும் அயல் மரத்துக்கு உழவனாகவும் விளங்குகிறது.

இங்கு ஒன்று நினைவிற்கொள்ளத் தக்கது. குருக்கத்தி தீய செடி அன்று. நீண்டவால் குரங்கு தீய விலங்கும் அன்று. தத்தம் நிலத்தில் அவை அளவோடு வாழ்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தும் பூச்சியும் நோயும் பகையும் அங்கு உடன் உள்ளன. நிலத்தை முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய மரம், புள், விலங்கு முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் தமிழ் இலக்கணம் பகுத்துக் கூறும். கருப்பொருள் ஒன்று தன் நிலம் விட்டு வேற்று நிலம் புகுந்தால் என்ன நேரும் என்பதற்குத் தீவுகளே சான்று.

முதலில் எது, பின்னர் எது?

மீட்புப் பணியைத் தலைமையேற்று நடத்துவோர் முதற்கண் அறியவேண்டியது வேலையின் வரிசை. மரம் நடுவது கண்ணுக்கு இனிய வேலை. ஆயினும் அது முதல் வேலை அன்று. அழிவின் காரணம் நீங்காமல் நட்ட நாற்று, ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர் போன்றது.

மொரீஷியஸுக்கு வடகிழக்கே 22 கிலோமீட்டர் தொலைவில் வட்டத்தீவு எனப்படும் சிறு தீவு உள்ளது. ஏறத்தாழ 219 ஹெக்டர் பரப்பு. எலி மட்டும் அங்கு எப்படியோ ஏறவில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடும் முயலும் கொண்டுவந்து விடப்பட்டன. அவை முளைக்கும் நாற்றையெல்லாம் மேய்ந்தன. வேர்ப்பிடிப்பற்ற மண்ணை மழை கடலுக்கு அடித்துச் சென்றது. கடின மரங்கள் அழிந்தன; பனையினங்கள் சில மட்டும் பாறையில் எஞ்சின. புட்டி போன்ற அடிமரமுடைய புட்டிப்பனை அத்தீவுக்கே உரியது. அதில் முதிர்ந்தவை பத்துக்கும் குறைவாகச் சுருங்கின. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பூங்காக்களிலும் வீட்டு முற்றங்களிலும் அழகுக்கு நிற்கும் புட்டிப்பனை இதுவேதான். உலகெங்கும் தோட்டத்தில் பெருகிய மரம், பிறந்த தீவில் விரல்விட்டு எண்ணும் நிலையை அடைந்தது.

1979-க்குள் ஆடுகள் அகற்றப்பட்டன. 1986-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த டான் மெர்ட்டன் தலைமையில் முயல்கள் முற்றாக ஒழிக்கப்பட்டன. ஒரு முயல் சோடி எஞ்சினாலும் செய்த வேலை அனைத்தும் வீண் என்பதால், பாறை இடுக்கெல்லாம் தேடினர். அடுத்த சில ஆண்டுகளிலேயே, எவரும் நடாமல், பனை நாற்றுகள் தாமே எழுந்தன. பல்லி, அரணை முதலிய ஊர்வனவும் பெருகின.

ஆனால் இக்கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. முயல் போனதும் நாட்டுச் செடிகள் மட்டும் தழைக்கவில்லை. முயல் மேய்ந்து அடக்கி வைத்திருந்த அயற்களைகளும் தழைத்தன. மேலும், விதை தரும் தாய்மரமே இல்லாத கடின மரங்கள் தாமாக மீளவில்லை. ஆகவே களையெடுப்பும் நடவும் அதன்பின் தேவையாயின. ஒரு பகையை நீக்கும்போதே அடுத்து எழும் பகையையும் எதிர்நோக்கி ஆளும் பொருளும் ஆயத்தமாக வைத்திருப்பவரே நல்ல தலைவர்.

களையெடுப்பும் நாற்றங்காலும்

மொரீஷியஸின் காடுகளில் களையெடுத்துப் பார்க்கும் முயற்சி புதிதன்று. 1930-களிலேயே வாகன், வீயே என்னும் இருவர் காடுகளை அளந்து ஆராய்ந்தனர். 1980-களிலிருந்து, தேர்ந்தெடுத்த காட்டுத் துண்டுகளுக்கு வேலியிட்டு, மானையும் பன்றியையும் தடுத்து, உள்ளே உள்ள அயற்செடிகளைக் கையால் களையும் முறை பரவியது. 1994-இல் கருநதிப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா அமைந்தது.

களையெடுப்பு ஒருமுறை செய்து முடிப்பதன்று. மண்ணுக்குள் உறங்கும் கொய்யா விதைகள் ஒளி பட்டவுடன் ஆயிரக்கணக்கில் எழும். முதல் ஆண்டு எடுத்தவர் இரண்டாம் ஆண்டு வாராவிட்டால், முன்னிருந்ததினும் அடர்ந்த புதரே மிஞ்சும். அதேபோல், ஒரே நாளில் முழுவதையும் வெட்டித் தள்ளுவதும் தவறு. நெடுநாள் நிழலில் இருந்த மரம் திடீர் வெயிலையும் புயற்காற்றையும் தாங்காது. எந்த அளவு களையை முறையாகத் தொடர்ந்து அடக்க ஆள்பலம் உண்டோ, அந்த அளவு நிலத்தையே எடுத்துக்கொள்வது அறிவுடைமை.

நாற்றங்காலில் கருதவேண்டியவை சில. ஒரே தாய்மரத்தின் விதையை மட்டும் எடுத்து ஆயிரம் நாற்று வளர்ப்பதைவிட, எஞ்சிய ஒவ்வொரு தாய்மரத்திலிருந்தும் சில சில எடுப்பதே இனத்துக்கு வலிமை. ஒவ்வொரு நாற்றுக்கும் அதன் தாய், இடம், நாள் ஆகியவை எழுதிய சீட்டு இருத்தல் வேண்டும். தோட்டத்துச் செடியின் விதையை ஆராயாமல் எடுத்தல் கூடாது. வட்டத்தீவின் புட்டிப்பனையும் ரொட்ரிகஸின் கதிர்ப்பனையும் தோட்டத்தில் அருகருகே நின்றால் கலந்துவிடும். அக்கலப்பு விதை தாய்த்தீவுக்குச் சென்றால், காக்கப் போனவரே இனத்தைக் கெடுத்தவராவார். நாற்றுப் பையின் மண்ணோடு எறும்பும் நத்தையும் களைவிதையும் செல்லாமல் காப்பதும் இன்றியமையாதது. வட்டத்தீவில் இறங்குவோரின் காலணியும் பையும் மூட்டையும் சோதிக்கப்படுவது இதனாலேயே.

டோடோவும் மரமும்

இவ்விடத்தில் ஆசிரியர்க்குப் பயன்படும் ஒரு செய்தி உண்டு. தம்பலக்கோக் என்னும் பெருமரம் மொரீஷியஸுக்கே உரியது. அதன் விதை கல்போன்ற ஓடுடையது. ஸ்டான்லி டெம்பிள் என்னும் அமெரிக்க அறிஞர் 1977-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்விதை டோடோவின் இரைப்பையில் அரைபட்டாலன்றி முளைக்காது. டோடோ அழிந்ததால் முந்நூறு ஆண்டுகளாக ஒரு நாற்றும் எழவில்லை. எஞ்சியவை பதின்மூன்று கிழமரங்களே என்றார். பறவை இறந்தால் மரமும் இறக்கும் என்னும் இக்கதை உலகெங்கும் பாடநூல்களில் ஏறியது.

1979-இல் மொரீஷியஸ் வனத்துறையைச் சேர்ந்த வாகாப் ஓவாடலி அதனை மறுத்தார். மரங்கள் பதின்மூன்றினும் மிகப் பல, இளமரங்களும் உள்ளன, பறவையின் உதவியின்றியும் விதை முளைக்கிறது என அவர் காட்டினார். பிற்காலத்து ஆய்வுகள், களையெடுத்த காட்டில் அம்மரம் நன்கு காய்ப்பதையும், களை மண்டிய காட்டில் நலிவதையும் கண்டன. அந்த மரத்தை வாட்டியது இறந்துபோன டோடோவைவிட, உயிரோடிருக்கும் வந்தேறிகளே.

கதை அழகாயிருப்பதால் அது மெய்யாகிவிடாது. மீட்புப் பணியில் இது வெறும் ஏட்டு விவாதமன்று. டோடோவே காரணம் என்று நம்பினால் கைகட்டி இருக்க வேண்டியதுதான். களையும் குரங்கும் காரணம் என்று அறிந்தால் நாளையே வேலை தொடங்கலாம்.

ஆமையும் பல்லியும்

ஆயினும், செடிக்கும் விலங்குக்கும் உறவே இல்லை என்று கொள்வதும் பிழை. மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையருகே கொக்குத்தீவு எனப்படும் 26 ஹெக்டர் பவளப்பாறைத் தீவு ஒன்று உள்ளது. 1965-இல் அது காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1984-இல் தோன்றிய மொரீஷியஸ் வனவுயிர்க் கழகம் அதன் மீட்பை ஏற்று நடத்துகிறது. 1991-இல் எலிகள் ஒழிக்கப்பட்டன. மூஞ்சூற்றை ஒழிக்க முயன்றது மட்டும் கைகூடவில்லை.

அத்தீவுக் கருங்காலி விறகுக்காக வெட்டப்பட்டிருந்தது. எஞ்சிய மரங்களில் பழம் பழுத்து அடியிலேயே விழுந்து, தாயின் நிழலிலேயே நாற்றாகி வீணாயிற்று. வெட்டவெளியான பகுதிக்கு விதையைக் கொண்டுசெல்ல எந்த உயிரும் இல்லை. கொண்டுசென்ற ஆமையினம் அழிந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில், அல்டாப்ரா என்னும் வேற்றுத்தீவின் பெரிய ஆமைகளை அங்குக் கொண்டுவந்தனர். அயலுயிரை அகற்றும் தீவுக்கு அயலுயிர் ஒன்றையே கொண்டுவருவதா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஆனால் ஆமை மெல்ல நடப்பது, பெருக்கம் குறைந்தது, கேடு விளைந்தால் எளிதில் பிடித்து அகற்றத் தக்கது. ஆகவே முதலில் சிலவற்றை அடைப்பில் வைத்து, அவை எதை உண்கின்றன, எதை விடுகின்றன என்று பார்த்தபின்னரே திறந்து விட்டனர். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று, விதையைத் தொலைவில் இட்டன. ஆமையின் வயிற்றில் கடந்த விதை நன்றாக முளைப்பதும், மரம் வெட்டப்பட்ட பகுதிகளில் கருங்காலி நாற்றுகள் திரளாக எழுவதும் 2011-இல் வெளியான ஆய்வில் உறுதியாயின. பழைய நடிகர் இறந்தபின் அவ்வேடத்தை மற்றொருவர் ஏற்று நாடகத்தைத் தொடர்ந்தாற்போல, அழிந்த ஆமையின் தொழிலை வேற்று ஆமை ஏற்றது.

பல்லியின் செய்தி இதனினும் நுட்பமானது. டிரொகேசியா என்னும் மொரீஷியஸ் பூஞ்செடியின் தேனைப் பசும்பல்லி நக்கி உண்டு, மகரந்தம் சேர்க்கிறது. அப்பல்லி பருந்துக்கு அஞ்சித் தாழையின் முள்ளிலைக்குள் ஒளிந்து வாழ்வது. தாழைப் புதருக்கு அருகில் நிற்கும் டிரொகேசியா நன்கு காய்ப்பதையும், தாழையின்றித் தனித்து நிற்பது குறைவாகக் காய்ப்பதையும் 2007-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். அப்படியானால் டிரொகேசியாவைக் காக்க விரும்புவோர் நடவேண்டியது எது? டிரொகேசியாவோடு தாழையையும் நடவேண்டும். செடியை மட்டும் எண்ணி நட்டால் தோட்டம் கிடைக்கும். உறவை எண்ணி நட்டால்தான் காடு கிடைக்கும்.

ஒற்றைச் செடி

ரொட்ரிகஸில் காட்டுக்காப்பி என்னும் பொருள்படும் உள்ளூர்ப் பெயருடைய ஒரு செடி இருந்தது. காப்பி, வெட்சி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெண்ணிற விண்மீன் போன்ற பூவுடையது. அஃது அழிந்துவிட்டது என்றே அறிஞர் கருதியிருந்தனர். 1980-ஆம் ஆண்டை ஒட்டி, அத்தீவின் பள்ளியாசிரியர் ஒருவர் உள்ளூர்ச் செடிகளைப் பற்றிப் பாடம் நடத்தி, மாணவரைச் செடிகள் தேடிக் கொண்டுவரச் சொன்னார். மாணவன் ஒருவன் வழியோரத்துச் செடியிலிருந்து ஒரு கிளை கொண்டுவந்தான். இலண்டன் கியூத் தோட்டத்து அறிஞர் அதனைப் பார்த்து, அழிந்ததாகக் கருதிய காட்டுக்காப்பியே அது என்று உறுதி செய்தனர். உலகத்தில் அந்த இனத்தில் அந்த ஒரு செடிதான் இருந்தது.

செய்தி பரவியதும் புதிய இடர் தோன்றியது. நாட்டுமருத்துவத்தில் அச்செடிக்கு மதிப்பிருந்ததால், மக்கள் கிளைகளை ஒடிக்கத் தொடங்கினர். வேலியிட்டனர், வேலிக்கு மேல் வேலியிட்டனர். 1986-இல் அதன் துண்டுகள் வானூர்தியில் கியூவுக்குச் சென்றன. அங்கு ஒன்று வேர்பிடித்தது. அதிலிருந்து பல கன்றுகள் உண்டாயின. பூத்தன, ஆனால் காய்க்கவில்லை. எல்லாம் ஒரே செடியின் துண்டுகள். சூல்முடி மகரந்தத்தை ஏற்கவில்லை. துண்டு நட்டுப் பெருக்குவது ஒரே முகத்தைப் பல கண்ணாடியில் காண்பது போன்றது. விதையில்லாத இனம் நூறு சட்டியில் இருந்தாலும் ஒன்றே.

பல்லாண்டு கடந்து, 2003-இல் கியூவின் கார்லோஸ் மக்தலேனா என்னும் தோட்டக்கலைஞர், சூல்முடியை வெட்டி நீக்கி, வெட்டிய இடத்தில் மகரந்தத்தை வைக்கும் முயற்சியைப் பூ பூவாகச் செய்துவந்தார். இறுதியில் ஒரு காய் உண்டாயிற்று. உள்ளே விதை இருந்தது. அந்த விதைவழிச் சந்ததி பின்னர் ரொட்ரிகஸுக்கே திரும்பியது.

எல்லா இனத்துக்கும் இந்நற்பேறு வாய்ப்பதில்லை. மொரீஷியஸின் கியூர்ப்பிப் பூங்காவில் ஒரு பனை நிற்கிறது. அந்த இனத்தில் உலகில் முதிர்ந்த மரமாக அறியப்பட்டது அது ஒன்றே. அதன் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு காலத்தில் மலர்வதால் தானே தன்னோடு கூடிக் காய்ப்பது அரிது. கன்று பெறச் செய்த முயற்சிகள் பலமுறை தோற்றன. ஓர் இனத்தில் நூறு இருக்கும்போது செலவிடும் சிறுபொருள், ஒன்றாகச் சுருங்கியபின் செலவிடும் பெரும்பொருளினும் மிகுந்த பயன் தரும் என்பதை அப்பனை சொல்லாமல் சொல்கிறது.

ஊராரும் பள்ளியும்

ரொட்ரிகஸ் மக்கள் ஆடு மாடு வளர்த்து, சிறு நிலம் பயிரிட்டு வாழ்வோர். அவர்களிடம் விறகும் மேய்ச்சலும் வேண்டாம் என்று கட்டளையிட்டு வேலி போட்டால், வேலி ஓரிரவில் விறகாகும். ஆகவே மீட்புப் பணியினர் அவர்களையே பணியாளராகவும் காவலராகவும் நாற்றங்கால் நடத்துவோராகவும் சேர்த்துக்கொண்டனர். பெருமலை, கித்தோர்க் குடா ஆகிய இரு காப்பிடங்களில் ஊராரும் மாணவரும் தொண்டரும் கூடிக் களையெடுத்து நாற்று நட்டனர். தனியார் நிறுவிய லெகா காப்பகத்தில் 2007 முதல் ஆமைகளும் நாட்டுச்செடிகளும் ஒருங்கே வளர்க்கப்படுகின்றன. அதனைக் காண வரும் பயணியரால் ஊராருக்கு வருவாயும் உண்டு.

காடு மீண்டதற்குச் சான்று பகர்வது பொன்னிறப் பழந்தின்னி வௌவால். 1970-களில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்த அவ்வினம், இன்று பல்லாயிரமாகப் பெருகியுள்ளது. அது பூவுக்கு மகரந்தமும் மண்ணுக்கு விதையும் சேர்க்கிறது. மரத்தால் வௌவாலும் வௌவாலால் மரமும் வாழ்கின்றன.

தலைமையின் இலக்கணம்

மேற்கூறியவற்றால், தீவுச்செடி மீட்பை வழிநடத்துவோர்க்கு வேண்டிய பண்புகள் சில புலப்படும். பழைய பதிவுகளையும் முதியோர் சொல்லையும் தேடிப் படித்தல் வேண்டும். அழிவின் காரணத்தை அகற்றிய பின்னரே நடுதல் வேண்டும். சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துப் பெரிய இடத்தில் செய்தல் வேண்டும். நட்டது எத்தனை என்பதோடு, ஐந்தாண்டு கழித்து உயிரோடிருப்பது எத்தனை என்றும் கணக்கிடுதல் வேண்டும். தோல்வியையும் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அடுத்தவர் அதே குழியில் விழாமல் காப்பது அவ்வேடே. எல்லாவற்றிற்கும் மேலாக, தமக்குப்பின் அப்பணியைத் தொடர்வோரைப் பயிற்றுதல் வேண்டும். கருங்காலி முதிரும் காலத்தோடு ஒப்பிட்டால் ஒரு மனிதரின் பணிக்காலம் மிகச் சிறிது.

இத்தனை உழைப்பும் ஒரு நாளில் இடருக்குள்ளாகும் என்பதையும் மறத்தல் ஆகாது. 2020 ஜூலை 25-இல் வாகாஷியோ என்னும் கப்பல் கொக்குத்தீவுக்கு அண்மையில் பவளப்பாறையில் தட்டி நின்றது. ஆகஸ்டு 6-இல் எண்ணெய் ஒழுகத் தொடங்கி, ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. கழகத்தினர் கொக்குத்தீவின் நாற்றங்காலில் இருந்த அரிய செடிகளைப் படகில் ஏற்றிப் பெருந்தீவுக்குக் கொண்டுசேர்த்தனர். ஓர் இனத்தை ஒரே இடத்தில் வைத்துக் காப்பது காப்பாகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. விதை ஒரிடத்திலும், நாற்று வேறிடத்திலும், வளர்ந்த மரம் மற்றோரிடத்திலும் இருத்தல் வேண்டும்.

ரொட்ரிகஸின் காட்டுக்காப்பி பிழைத்ததற்கு வேலியும் கத்தியும் அறிவியற்கூடமும் துணை நின்றன. ஆனால் அவையெல்லாம் தொடங்கியது ஒரு வகுப்பறையில் ஆகும். தம் ஊர்ச் செடியின் பெயரை மாணவர் அறிதல் வேண்டும் என்று ஓர் ஆசிரியர் கருதினார். மாணவன் ஒருவன் வழியில் நின்று பார்த்தான். பள்ளியின் வேலியோரத்தில் நிற்கும் மரம் எது, அது இந்நாட்டதா, வேற்று நாட்டதா, அதன் பழத்தைத் தின்பது எது என்று வினவும் பாடம் எந்நாட்டுப் பள்ளிக்கும் பொருந்தும். அதற்கு ஆகும் செலவு ஒரு மணி நேரமே.